பேரேடு மூடிய நாள்

மார்ச் இருபத்துநான்காம் தேதி, பகல் மூன்று ஐம்பது. பேரேடு மூடவில்லை.

மறுநாள் சம்பள நாள். எங்கள் முதியோர் பராமரிப்பு மையத்தில் இருபத்தெட்டு பேர். நான்கரை மணிக்குள் பட்டியல் வங்கிக்குப் போயாக வேண்டும்.

முன்பெல்லாம் சம்பளப் பட்டியலைத் தனியாகப் போட்டு, அதைப் பார்த்துப் பேரேட்டில் கையால் ஏற்றுவேன். எங்களிடம் மூன்று பணம் உண்டு. நகராட்சி மானியம், நன்கொடை, மையத்தின் சொந்தப் பணம். மூன்றுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு. ஒன்றின் காசு இன்னொன்றில் கலக்கக் கூடாது. தனியாக வாழும் முதியவர்களைப் போய்ப் பார்க்கிறவர்களுக்கு மானியத்திலிருந்து சம்பளம். சமையலறையில் இருப்பவர்களுக்கு நன்கொடையிலிருந்து. எனக்கும் இயக்குநருக்கும் கொஞ்சம் அதிலிருந்து, கொஞ்சம் இதிலிருந்து.

ஜனவரியில் பட்டியலையும் பேரேட்டையும் கணினியில் இணைத்தோம். ஊழியர் அன்றன்று தன் வேலைக் குறிப்பைப் போனில் எழுதுவார். குறிப்பிலிருக்கும் மணிக்கணக்கைச் சம்பளப் பட்டியல் எடுத்துக்கொள்ளும். பட்டியலைப் பேரேடு எடுத்துக்கொள்ளும். நடுவில் யார் கையும் படாது. அந்த இணைப்பைப் போட்டவள் நான். எந்த வேலை எந்தப் பணத்தில் விழ வேண்டும் என்று வரி வரியாக நான்தான் சொல்லிக்கொடுத்தேன். விடுப்புகளையும். ஆண்டு விடுப்பு, நோய் விடுப்பு எல்லாம் சரியாக விழுந்தன. துக்க விடுப்பை மட்டும் சொந்தப் பணத்தில் சேர்த்திருந்தேன். ஏன் என்று நினைவில்லை. அந்த வரிக்கு வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரமாகியிருக்கலாம்.

இரண்டு மாதம் எந்த ஊழியர் வீட்டிலும் சாவு இல்லை. அதனால் தெரியவில்லை.

மார்ச் பன்னிரண்டாம் தேதி விடியற்காலை, முதியவர்களைப் பார்க்கப் போகும் யங்நம் அக்காவின் அம்மா இறந்தார். அக்காவுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, மூன்று நாள் விடுப்பு. மூன்று நாள் சம்பளம் மூன்று லட்சத்துப் பத்தாயிரம் வோன். அது சொந்தப் பணத்தில் போய் முட்டியது. சொந்தப் பணத்தில் எண்பதாயிரம்தான் இருந்தது. திரையில் ஒரு சிவப்பு வரி. இருப்பு போதவில்லை. ஒருவருக்குப் போதவில்லை என்றால் இருபத்தெட்டு பேருக்கும் போகாது. அப்படித்தான் இணைத்திருந்தேன்.

மென்பொருள் கம்பெனிக்குப் போன் செய்தேன். மாத நடுவில் இணைப்பை அவர்களால்தான் மாற்ற முடியும். உங்களுக்கு முன்னால் பதினேழு பேர் காத்திருக்கிறார்கள் என்று ஒரு பெண் குரல் சொன்னது. பத்து நிமிடம் கழித்துப் பதினாறு என்றது.

இயக்குநர் யாங் கதவருகே நின்று கேட்டார். எங்கள் மையத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் டீச்சர்தான்.

“சோங் டீச்சர், நாளைக்குச் சம்பளம் உண்டுதானே?”

“உண்டு சார்.”

எல்லோருடைய வேலைக் குறிப்பையும் திறக்கிற கடவுச்சொல் என்னிடம் இருந்தது. யங்நம் அக்காவின் மார்ச் மாதத்தைத் திறந்தேன். மூன்று நாளும் துக்க விடுப்பு என்றிருந்தது. அதற்கு முந்தைய வாரத்தின் புதன், வியாழன், வெள்ளியை நகல் எடுத்து மேலே ஒட்டினேன். சொக் தாத்தா வீடு, ஒரு மணி நேரம், மருந்து சரிபார்த்தது. சொக் தாத்தா வீடு, ஒரு மணி நேரம், நகம் வெட்டியது. அப்படிப் பதினான்கு வரிகள். மூன்று நாளும் மானியத்தில் விழுந்தன. சிவப்பு வரி போனது. பேரேடு மூடியது. நான்கு இருபதுக்குப் பட்டியலை அனுப்பினேன்.

பிறகு குறிப்பை அச்செடுத்தேன். அதில் கையெழுத்துக்குப் பதிலாக ஊழியரின் பெயர் முத்திரை வேண்டும். என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் இருபத்தெட்டு முத்திரைகள். வெளியே வேலைக்குப் போகிறவர்கள் ஒரு முத்திரைக்காக அலுவலகம் வரை வர வேண்டாம் என்று ஆளுக்கொன்று என்னிடம் கொடுத்து வைத்திருப்பார்கள். எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். அக்காவுடையதை எடுத்துச் சிவப்பு மையில் ஒற்றிக் குத்தினேன். தோ யங்நம். சிறிய வட்டம்.

விடுப்புத் தாள் கோப்பில் இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அதை உருவி எடுத்தேன். கிழிக்கத் தோன்றவில்லை. டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

அந்த விடுப்புத் தாளை எழுதியதும் நான்தான். பன்னிரண்டாம் தேதி காலை அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். அழவில்லை.

“ஹேரன், எங்கம்மா போயிட்டா. இன்னிக்கு சொக் தாத்தாவுக்கு மாத்திரை எடுத்து வெக்கணும். யாரையாவது அனுப்பு. அப்புறம் அந்த லீவு தாளு...”

“அக்கா, அதை நான் பாத்துக்கிறேன். நீங்க அம்மாவைப் பாருங்க.”

அன்றும் அதே டப்பா. அதே முத்திரை.

மறுநாள் துக்க மண்டபத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம். எங்கள் மையம் அனுப்பிய மலர்வளையம் வாசலில் இருந்தது. வெள்ளைச் சாமந்தி, ஒரு லட்சம் வோன், சொந்தப் பணத்திலிருந்து. நான் துக்கப் பணம் வைத்த உறையில் என் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டேன். படத்துக்கு முன்னால் இரண்டு முறை விழுந்து வணங்கினேன். அக்கா கருப்பு உடையில் என்னை உட்கார வைத்து, காரமான மாட்டிறைச்சி சூப்பைக் கொண்டுவந்து வைத்தார். எதிரே தானும் உட்கார்ந்தார்.

“சாப்பிடு. மிச்சம் வெச்சேன்னா எங்கம்மா படத்தை விட்டு எறங்கி வந்து அடிப்பா.”

“நீங்க சாப்பிட்டீங்களா அக்கா?”

“நேத்துலேர்ந்து வர்றவங்க ஒவ்வொருத்தர் கூடவும் ஒரு வாய். கூட்டிப் பாத்தா அஞ்சு வேளை ஆச்சு. நீ கணக்குப் போட்டுக்க.”

முழுவதும் சாப்பிட்டேன். பதினொரு நாள் கழித்து, அந்த மதியத்தில் அக்கா சொக் தாத்தாவின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்ததாக எழுதினேன்.

ஏப்ரலில் நகராட்சியின் மானிய வழிகாட்டிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மானியத்தில் சம்பளம் வாங்குகிறவரின் துக்க விடுப்பையும் மானியத்திலேயே எழுதலாம் என்று இருந்தது. கேட்கவே தேவையில்லை. என் இணைப்பில் ஒரு வரிதான் தவறு. கம்பெனிக்காரர் நான்கு நிமிடத்தில் மாற்றிக்கொடுத்தார். மார்ச்சையும் திறந்து சரிசெய்யலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மூடிய மாதத்தைத் திறந்தால் நகராட்சிக்குக் காரணம் எழுத வேண்டும்.

மே இருபதாம் தேதி ஆய்வுக்கு நகராட்சியிலிருந்து ஜூ என்ற பெண் அதிகாரி வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. எங்கள் காபியைத் தொடமாட்டார். தண்ணீரும் தன் பையிலிருந்தே எடுத்துக் குடித்தார். மாடி அறையில் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தேன். இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மானியப் பேரேட்டை இரண்டு மணி நேரம் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு சொந்தப் பணத்தின் பேரேட்டைக் கேட்டார். அது மெலிந்த கோப்பு. யாரும் அதைக் கேட்டதில்லை.

“இந்த மலர்வளையம் யாருக்கு?”

“எங்க டீச்சர் ஒருத்தரோட அம்மாவுக்கு” என்றேன்.

“எந்த டீச்சர்?”

“தோ யங்நம்.”

“மார்ச் பன்னெண்டு.” பேனாவால் தேதியைத் தட்டினார். “அவங்க வேலைக் குறிப்பைக் குடுங்க.”

கொடுத்தேன். பக்கங்களைத் திருப்பினார். நின்றார். முந்தைய பக்கத்துக்குப் போனார். திரும்ப வந்தார்.

“அம்மா செத்த அன்னிக்கு இவங்க அஞ்சு வீட்டுக்குப் போயிருக்காங்க.”

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன்.

“அடுத்த நாளும். அதுக்கு அடுத்த நாளும். விடுப்புத் தாள் இருக்கா?”

“கோப்புல இருந்தா இருக்கும்” என்றேன்.

கோப்பில் இல்லை. அவர் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தாளாகத் தேடினார்.

குறிப்பில் முதலில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார். ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்தார். வெகுநேரம் மணி அடித்தது.

“யாரு?”

“தாத்தா, நகராட்சியிலேர்ந்து பேசுறேன்.”

“நகராட்சியா? ஏம்மா, குப்பை வண்டி வந்து நாலு நாளாச்சு! மீன் தலையெல்லாம் வாசல்ல நாறிக்கிட்டு கெடக்கு!”

“அதை சொல்றேன் தாத்தா. உங்களைப் பாக்க மையத்துலேர்ந்து டீச்சர் வர்றாங்கள்ல?”

“எந்த டீச்சர்? ஓ, வாயாடியா? வருவாளே. நேத்துகூட வந்து என் சோஜு பாட்டிலை எல்லாம் எண்ணிட்டுப் போனா. என்ன, புகார் பண்ணிட்டாளா? ரெண்டு பாட்டில்தாம்மா. ஒண்ணு போன மாசத்துது.”

ஜூ அதிகாரி சிரிக்கவில்லை.

“மார்ச் மாசம் ரெண்டாவது வாரம் வந்தாங்களா?”

“மார்ச்சா? என்னைப் பாத்தா காலண்டர் மாதிரி இருக்கா?”

“அவங்க அம்மா இறந்த வாரம், தாத்தா.”

அந்தப் பக்கம் டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது.

“அந்த வாரம் எப்படி வருவா? பாவம். ஒரு பையன் வந்தான் ஒரு நாளு. மாத்திரையை மாத்தி வெச்சுட்டுப் போனான். மறு வாரம் அவ வந்தப்ப நான் அஞ்சாயிரம் வோன் குடுத்தேன், அம்மா காரியத்துக்குன்னு. வாங்கலை. திட்டினேன். அப்புறம் வாங்கிக்கிட்டு அதுக்கு எனக்கே பேரிக்காய் வாங்கிட்டு வந்துட்டா. ஏம்மா, அவளுக்கு எதாவது ஆயிடுச்சா?”

“ஒண்ணும் இல்லை தாத்தா.”

“குப்பை வண்டி?”

“சொல்றேன்.”

போனை அணைத்தார். குறிப்பின் அடியில் இருந்த சிவப்பு வட்டத்தைப் பார்த்தார்.

“முத்திரை வேற குத்தியிருக்காங்க” என்றார்.

அவர் போன பிறகு இயக்குநர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த மையத்தை ஒரு வாடகைக் கடையில் ஆரம்பித்தவர். ஆரம்பத்தில் அரிசி மூட்டையைத் தானே சுமந்தார் என்று சொல்வார்கள். சொல்பவர் பெரும்பாலும் அவர்தான். ஆனால் உண்மை.

“விடுப்புத் தாள்ல நான் முத்திரை போட்ட ஞாபகம் இருக்கு” என்றார்.

“ஆமா சார்.”

“எங்க அது?”

“என்கிட்ட இருக்கு.”

அவர் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இருப்பு போதாதது, பதினேழு பேர், நகல் எடுத்தது, டப்பா. சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

“நீங்க சொன்னா என்ன ஆகும் தெரியுமா?” என்றார்.

“வேலை போகும்.”

“உங்க வேலையை விடுங்க. நீங்க கெட்டிக்காரி, எங்கயாவது கணக்கு எழுதுவீங்க. டப்பாவைப் பத்திக் கேப்பாங்க. மூணு நாள் தப்புன்னா மூணு நாள் காசைத் திருப்பிக் கட்டினாப் போச்சு. டப்பா இருக்குன்னு தெரிஞ்சா இருபத்தெட்டு பேரோட மூணு வருஷக் குறிப்பும் சந்தேகம். மானியம் நிக்கும். அறுபத்தி நாலு வீட்டுக்கு யார் போவா?”

நான் சுவரில் ஒட்டியிருந்த வீட்டுப் பட்டியலைப் பார்த்தேன்.

“யங்நம் டீச்சர் ஒரு விளக்கம் எழுதிக் குடுக்கட்டும். துக்கத்துல தேதி மாறி எழுதிட்டேன், காசைத் திருப்பித் தர்றேன்னு. அந்த மூணு லட்சத்தை நான் கட்டிடறேன். அவங்க கையிலேர்ந்து வேண்டாம்.”

“அப்புறம்?”

“ஜூன்ல ஒப்பந்தம் முடியுது. பொய்க் குறிப்பு எழுதினவங்கன்னு பதிவானா புதுப்பிக்க வேண்டாம்னுதான் நகராட்சி சொல்லும்.” ஜன்னலைப் பார்த்தார். “சமையலறைல எதாவது பாக்கலாம். நன்கொடையிலேர்ந்து. வாரத்துக்கு ரெண்டு நாள்.”

“அந்தத் தாளைக் குடுத்தா அவங்க தப்பிச்சுடுவாங்க சார்.”

“எந்தத் தாள்?” என்றார். பிறகு மெதுவாக, “எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாம், சோங் டீச்சர். விளக்கத்தை நீங்களே அச்சடிச்சு நாளைக்கு அவங்ககிட்ட வாங்கிடுங்க” என்றார்.

அச்சடித்தேன். ஒன்பது வரி. ‘என் கவனக்குறைவால்’ என்று தொடங்கும். அந்த இரண்டு சொற்களையும் தட்டச்சு செய்தபோது விரல்கள் சரளமாகத்தான் போயின. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

யங்நம் அக்காவுக்கு ஐம்பத்துநான்கு வயது. துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் ஆக்டோபஸ் விற்றவர். முழங்கால் போன பிறகு ஐம்பத்தொன்றில் பராமரிப்பாளர் பரீட்சை எழுதினார். இரண்டு முறை தோற்றார். மூன்றாவது முறை பாஸானதும் சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டில் டிவிக்கு மேலே மாட்டினார். மகள் நர்சிங் கடைசி வருடம். மற்றவர்களுக்கெல்லாம் நான் சோங் டீச்சர். அவர் மட்டும் என்னை முதல் வாரத்திலேயே ஹேரன் என்றார். நானும் அக்கா என்றேன். எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது.

மறுநாள் காலை எட்டரைக்கு வந்தார். எப்போதும்போல முதலில் என் மேசைக்கு. கையில் காகிதப் பை.

“இந்தா. பொரிச்ச நெத்திலி. டப்பாவுல போட்டுக் குடுத்தா நீ டப்பாவைத் திருப்பித் தர்றதில்லை, அதான் பையில.”

“வேண்டாம் அக்கா.”

“என்ன வேண்டாம்? மூஞ்சியைப் பாரு, ஊறப் போட்ட துணி மாதிரி. உன் கம்ப்யூட்டரு மறுபடி பட்டினி கெடக்குதா? யாரு சம்பளத்தைத் தின்னுச்சு?”

தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நேற்று நடந்ததைச் சொன்னேன். மலர்வளையம், குறிப்பு, அதில் குத்தியிருந்த முத்திரை, சொக் தாத்தா. யார் எழுதியது என்பதைச் சொல்லவில்லை. குறிப்பில் அப்படி இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கித் தாளைப் படித்தார். மெதுவாகப் படிப்பார். உதடு அசையும்.

“மூணு நாளும் வேலை பாத்தேன்னு நான் எழுதியிருக்கேனா?”

“குறிப்புல அப்படி இருக்கு.”

“ஐயோ.” நெற்றியில் அடித்துக்கொண்டார். “சத்தியமா எனக்கு அந்த வாரம் ஒண்ணும் ஞாபகமில்லை. சுடுகாட்டுல எந்தச் செருப்பைப் போட்டுட்டு வந்தேன்னே தெரியாம வேற யாரோடதையோ போட்டுட்டு வந்துட்டேன். ஒரு சைஸ் பெருசு. இன்னும் வீட்டுல இருக்கு. அந்த மாதிரி போனைத் தட்டும்போது எதையாவது தட்டிட்டேன் போல.”

“இருக்கலாம்” என்றேன்.

அந்தச் சொல்லை நான்தான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

“லீவு தாளு குடுத்தேனா இல்லையான்னுகூடத் தெரியலை. உன்கிட்ட போன்ல சொன்ன மாதிரி இருந்துச்சு. சொல்லலையோ?”

தண்ணீர் எடுக்கப் போனேன். ஒரு கோப்பை பார்லி டீ ஊற்றி வந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. மறுபடி தாளைப் படித்துக்கொண்டிருந்தார்.

“தாத்தா என்ன சொன்னாரு?”

“நீங்க அந்த வாரம் வரலைன்னு சொன்னாரு.”

“கெழவனுக்கு நான் சொல்ற மாத்திரை நேரம் ஞாபகமிருக்காது. இது மட்டும் ஞாபகமிருக்கும்.” சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “ஏய், உனக்கு எதாவது பிரச்சனையா? கணக்கைப் பாத்தவ நீதானே. உன்னை எதுவும் சொன்னாளா அந்தப் பொண்ணு?”

“இல்லை.”

“என்னால உனக்குத் தலைவலி. மன்னிச்சுக்க ஹேரன். நீ ராத்திரி பகலா அந்த மெஷினோட மல்லாடுற. நான் ஒரு நாளு ஒழுங்கா தட்டத் தெரியாம...” என் கையைத் தட்டினார். அவர் உள்ளங்கை கரடுமுரடாக இருக்கும். துறைமுகத்துக் கை. “இயக்குநர் காசைக் கட்டுறாருன்னா சொன்னே? வேண்டாம். நானே கட்டுறேன். தப்பு என்னுது. மாசம் ஒரு லட்சமாப் புடிச்சுக்க.”

“அக்கா, ஜூன்ல ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டாங்க.”

அதைக் கடைசியில்தான் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

“புதுப்பிக்க மாட்டாங்களா?”

“சமையலறைல வாரத்துக்கு ரெண்டு நாள் பாக்கலாம்னு சார் சொல்றாரு.”

“சமையலறைல நிக்கணும். முட்டி தாங்காது. தெரியும்ல அவருக்கு?”

“தெரியும்.”

மாடியிலிருந்து சமையலறைக்காரர்கள் முட்டைக்கோஸ் கூடைகளை இறக்கும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கிண்டல் செய்தார்கள். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. வேறொரு நாளாக இருந்தால் இங்கிருந்தே ஒரு பதில் கொடுத்திருப்பார்.

“தாத்தாவுக்கு இன்னிக்கு பத்து மணிக்கு ரத்த அழுத்தம் பாக்கணும்” என்றார். “சரி, குடு. எங்க குத்தணும்? இதுல கையெழுத்துப் போட்டா போதாதா?”

“முத்திரையும் வேணும் அக்கா.”

“என்னுது உன் டப்பாலதானே கெடக்கு. நீயே குத்திடு.”

இழுப்பறையைத் திறந்தேன். டப்பாவைத் தூக்கினேன். அடியில் அந்தத் தாள் இருந்தது. அவர் பெயர், மூன்று தேதி, காரணம் என்ற இடத்தில் என் கையெழுத்தில் ‘தாய் மறைவு’. இரண்டு மாதத்தில் டப்பாவின் விளிம்பு தாளில் ஒரு வட்டமாகப் பதிந்திருந்தது. இழுப்பறையை முழங்காலால் மூடினேன்.

டப்பாவைத் திறந்து தேடினேன். தேட வேண்டிய அவசியமில்லை. எல்லோருடையதும் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அக்காவுடையது மரம். மகள் பள்ளியில் செய்துகொடுத்தது. தலையில் ஒரு சின்ன மீன் செதுக்கியிருக்கும். ஆக்டோபஸ் செதுக்கத்தான் முயன்றாளாம். கால்கள் வரவில்லை.

சிவப்பு மையைத் திறந்து வைத்தேன். முத்திரையை ஒற்றினேன். தாளின் அடியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ‘என் கவனக்குறைவால்’ என்ற வரி மேலே இருந்தது.

கை இறங்கவில்லை.

“என்ன?” என்றார் அக்கா.

“இதை நான் குத்தக் கூடாது அக்கா.”

“ஏன், இத்தனை நாளா நீதானே...”

“இதை நீங்களே குத்துங்க.”

முத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைப் புரட்டினார். மீனைக் கட்டைவிரலால் தடவினார். ஓரத்தில் காய்ந்திருந்த பழைய மையை நகத்தால் சுரண்டினார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, மகளை நினைத்திருக்க வேண்டும். முத்திரையைத் தாளுக்குக் கொண்டுபோனார். தாளைத் தொடும் முன் நிறுத்தினார். டப்பாவைப் பார்த்தார். மூடிய இழுப்பறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இதை ஜனவரில உன்கிட்ட குடுத்தேன். அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் தொடுறேன். அப்ப நான் மூணு நாளும் வேலை பாத்தேன்னு சொல்ற அந்த மார்ச்சுக் குறிப்புல குத்தினது யாரு, ஹேரன்?”